நுரைக்கு என்ன விலை?

வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கர்களுக்கு மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. கரியமில வாயு சிலிண்டரை நிரப்பத்தான் ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் வெல்டிங் கேஸ் விற்கும் கடைக்குப் போய், 5 பவுண்டு கரியமில வாயு சிலிண்டரை நிரப்ப எவ்வளவு என்று கேட்டால் 20, 25 டாலர் என்பார்கள். அதே மேசையில் 20 பவுண்டு சிலிண்டருக்கு விலை கேட்டால் 35, 40 என்று பதில் வரும். நான்கு மடங்கு வாயுவுக்கு இரண்டு மடங்கு விலைகூட இல்லை. ஊருக்கு ஊர் தொகை மாறும். இந்தக் கணக்கு மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

வீட்டுக் காய்ச்சலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் குழம்புகிறார்கள். மலிவான கடையைத் தேடி 40 மைல் வண்டி ஓட்டுகிறார்கள். உண்மையில் கரியமில வாயு மிகவும் மலிவான பொருள். எத்தனால் ஆலைகளும் உர ஆலைகளும் அதைக் கழிவாகவே வெளியே விடுகின்றன. நாம் கொடுக்கும் காசு சிலிண்டருக்கும், அதை நிரப்புகிறவரின் நேரத்துக்கும், நமக்குத் தெரியாமல் ஒழுகிப்போகும் வாயுவுக்கும் போகிறது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டவருக்கு, ஒரு கெக் பாத்திரம் நிறைய பீருக்கு ஆகும் வாயுச் செலவு ஒரு டாலருக்குள் அடங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிவுக்கு வந்தபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது, பீர் விட்டுப்போனது. அந்த ஓட்டையை அடைக்க 45 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், 1979 பிப்ரவரி முதல் வீட்டில் பீர் காய்ச்சுவது மத்திய அரசின் பார்வையில் குற்றமில்லை என்றானது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல் அனுமதித்தன. நம் ஊர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். இங்கே பேசுவது முழுக்க அமெரிக்க நடைமுறை.

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் அடைக்கச் சிலிண்டரே தேவையில்லை. கொஞ்சம் சர்க்கரை சேர்த்து மூடிவிட்டால் ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலுக்குள்ளேயே நுரையை உண்டாக்கும். ஆனால் 5 கேலன் பீருக்கு 50 பாட்டில் கழுவ வேண்டும், நிரப்ப வேண்டும், மூடி அழுத்த வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் அதிலேயே போய்விடும். அதனால்தான் கெக். 19 லிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் ஒன்றைக் கழுவினால் வேலை முடிந்தது.

இந்தக் கெக் பிறந்தது பீருக்காக இல்லை. பெப்சியும் கோக்கும் தங்கள் சோடாப் பாகை உணவகங்களுக்கு அனுப்பிய பாத்திரம் இது. கார்னீலியஸ் என்ற நிறுவனத்தின் பெயரால் காய்ச்சுகிறவர்கள் இதை 'கார்னி கெக்' என்கிறார்கள். பெப்சி ஒரு வகை இணைப்பு வைத்தது, கோக் வேறு வகை வைத்தது. பால் லாக், பின் லாக் என்று அந்தப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. பின்னாளில் சோடா நிறுவனங்கள் பாகை அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் அடைத்து அனுப்பத் தொடங்கியதும், லட்சக்கணக்கான கெக்குகள் வேலையிழந்து கிடங்குகளில் குவிந்தன. அவற்றை வீட்டுக் காய்ச்சல்காரர்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. பழைய கெக்குகளும் இப்போது விலையேறிவிட்டன. இருந்தாலும் பாத்திரம் ஒருமுறைச் செலவு. வாயுதான் தொடர்ந்து கேட்கும்.

எவ்வளவு கேட்கும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரும் சிலிண்டர் வாங்கக் கூடாது. 3 டிகிரி செல்சியஸ் குளிரில், 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு வாரம், பத்து நாள் விட்டால் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் வாயு கரையும். 19 லிட்டருக்கு அது 90 கிராம் சொச்சம். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு வாயு தங்கியிருக்கும் என்பதால் சிலிண்டரிலிருந்து 60 கிராம் போதும். அந்தப் பீரைக் குழாய் வழியே கடைசிக் குவளை வரை தள்ள இன்னொரு 65 கிராம். பீரை ஊற்றுவதற்கு முன் கெக்கிலிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்ற, கிருமிநீக்கி நீரை நிரப்பி அதை வாயுவால் தள்ளுகிறவர்களுக்கு மேலும் ஒரு 40 கிராம். எல்லாம் சேர்ந்து 170 கிராமுக்குச் சற்றுக் கூடக்குறைய. 5 பவுண்டு என்பது 2,268 கிராம். தாராளமாகச் செலவழித்தாலும் 12 கெக் வர வேண்டும். 20 பவுண்டு என்றால் 45-க்கும் மேல்.

நாலு கெக்கிலேயே சிலிண்டர் காலியாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் வாயு போன இடம் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

சிலிண்டரின் தோளைப் படியுங்கள்

சிலிண்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பை இல்லை. அதன் தோளில், வால்வுக்குக் கீழே, உலோகத்தில் குத்தியிருக்கும் எழுத்துகளை. அலுமினியச் சிலிண்டரில் '3ஏஎல்', எஃகில் '3ஏஏ' என்ற குறியீடு இருக்கும். பக்கத்தில் 1800 என்ற எண். அது தாங்கக்கூடிய அழுத்தம். அடுத்து ஒரு மாதமும் ஆண்டும். கடைசியாக நீரழுத்தச் சோதனை செய்த நாள் அது. அந்தத் தேதிக்குப் பிறகு ஐந்து ஆண்டு கடந்திருந்தால், மறுபடி சோதிக்காமல் நிரப்ப அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி அனுமதிக்காது. அப்புறம் வெறும் சிலிண்டரின் எடை. 5 பவுண்டு அலுமினியச் சிலிண்டர் என்றால் எட்டு பவுண்டை ஒட்டி இருக்கும்; எஃகு இன்னும் கனம்.

பழைய சிலிண்டர் தேடுகிறவர் கழுத்தையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு வளையத்தில் ஏதாவது கேஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தால் அது வாடகைச் சிலிண்டர். சட்டப்படி அந்த நிறுவனத்தின் சொத்து. மூடிப்போன உணவகத்திலிருந்தோ, யாரோ ஒருவரின் வீட்டு வாசல் விற்பனையிலிருந்தோ 20 டாலருக்கு வாங்கி வருவார்கள். வேறு கடை அதை நிரப்பாது. சொந்த நிறுவனத்திடம் கொண்டுபோனால் சிலிண்டரே திரும்பி வராமல் போகலாம். விற்றவரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது. இதில் ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். கழுத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொரு கவனம்: சில சிலிண்டர்களுக்குள் வால்விலிருந்து அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். அது வாயுவுக்குப் பதில் திரவத்தை வெளியே தள்ளும். பீருக்கு அது உதவாது, ரெகுலேட்டரையும் கெடுத்துவிடும். வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆன்லைனில் புதுச் சிலிண்டர் வாங்கினால் காலியாகத்தான் வரும். நிரப்பிய சிலிண்டரைக் கூரியரில் அனுப்புவது அபாயப் பொருள் விதிகளுக்குள் வரும் வேலை என்பதால் விற்பவர்கள் அதில் இறங்குவதில்லை. பீர் தயார், கெக் தயார், வெள்ளிக்கிழமை மாலை விருந்தாளிகள் வருகிறார்கள், சிலிண்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. வார இறுதியில் பெரும்பாலான கேஸ் கடைகள் திறந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிரப்புவதா, மாற்றுவதா?

நான் வசிக்கும் மில்வாக்கி, ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், மில்லர் என்று பெரிய பீர் ஆலைகள் வளர்ந்த ஊர். இங்கே ஒரு தீயணைப்பான் பராமரிப்புக் கடையில் நண்பர் ஒருவரின் 5 பவுண்டு சிலிண்டரை நிரப்பும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைக்காரர் முதலில் தோளிலிருந்த தேதியைச் சத்தமாகப் படித்தார். சிலிண்டரைத் தராசில் வைத்து, பொறித்திருந்த வெற்று எடையோடு ஒத்துப் பார்த்தார். வால்வைத் திறந்து மிச்சமிருந்த வாயுவை 'உஸ்' என்று வெளியே விட்டார். பிறகு தாய்ச் சிலிண்டரின் பித்தளைக் குழாயை மாட்டிக் கொஞ்சம் திரவத்தை உள்ளே விட்டு, அதையும் வெளியே விட்டார். ஏன் வீணாக்குகிறீர்கள் என்றேன். "சிலிண்டர் சூடாக இருந்தால் திரவம் உள்ளே போகாது. இதைக் குளிர வைக்கிறேன்" என்றார். தொட்டுப் பார்த்தேன், அலுமினியம் சில்லிட்டிருந்தது. இரண்டாவது முறை வால்வைத் திறந்ததும் சிலிண்டரின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பனி படர்ந்து மேலே ஏறியது. தராசு எண் மெல்ல நகர்ந்து, வெற்று எடைக்குச் சரியாக 5 பவுண்டு கூடியதும் அவர் கை வால்வை மூடியது. கடைசியாக வால்வைச் சுற்றிச் சோப்பு நீர் தெளித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். பத்து நிமிட வேலை.

20 பவுண்டு சிலிண்டருக்கும் அநேகமாக அதே பத்து நிமிடம்தான். அதே தேதி பார்த்தல், அதே குளிரவைத்தல், அதே சோப்பு நீர். கூடுதலாகப் போகும் 15 பவுண்டு வாயு கடைக்காரருக்குப் பெரிய செலவே இல்லை. முதலில் சொன்ன விலைப் புதிருக்கு விடை இந்தத் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "அண்ணே, அடுத்தது இருபதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார்.

அவர் சொன்னது சரி. என் கருத்தும் அதுவே: மாதம் ஒரு கெக் காய்ச்சுகிறவருக்குக்கூட 20 பவுண்டு எஃகுச் சிலிண்டர்தான் லாபம். புதிதாக வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் விலை. கனம் அதிகம், குளிர்சாதனப் பெட்டிக்குள் அடங்காது. பெட்டிக்கு வெளியே நிறுத்தி, பக்கவாட்டில் ஒரு துளை போட்டுக் குழாயை உள்ளே விட்டுக்கொள்ளலாம். துளை போடும் முன் குளிரூட்டும் குழாய்கள் ஓடும் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. விருந்துக்குக் கெக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு 5 பவுண்டு துணைக்கு இருக்கட்டும்.

நிரப்பித் தரும் கடைகள் குறைந்துகொண்டு வருகின்றன என்பது வருத்தமான உண்மை. பல பெரிய கேஸ் நிறுவனங்களின் கிளைகளில் சின்னச் சிலிண்டரைக் கண்ணெதிரே நிரப்புவதில்லை. காலியை வாங்கிக்கொண்டு, வேறிடத்தில் நிரப்பி வந்த இன்னொன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் ஊரில் சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றுவது போலத்தான். இதில் வசதி உண்டு: ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், நீரழுத்தச் சோதனை அவர்கள் பாடு. ஆனால் நூறு டாலர் கொடுத்து வாங்கிய புது அலுமினியச் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, பெயின்ட் உரிந்த பழைய சிலிண்டரோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் உங்கள் ஊர்க் கடைகளுக்குப் போன் செய்யுங்கள். நிரப்புவீர்களா, மாற்றுவீர்களா, வாடிக்கையாளருக்குச் சொந்தமான சிலிண்டரை ஏற்பீர்களா, சோதனைத் தேதி முடிந்ததை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். அதன் பிறகு சிலிண்டர் வாங்குங்கள். மாற்றுக் கடைதான் உண்டு என்றால் புதுச் சிலிண்டருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். கழுத்து வளையம் இல்லாத, அடிபட்ட பழையது போதும். தேதி முடிந்த சிலிண்டரையும் வாங்கிக்கொள்ளும் கடை அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். தேதி முடிந்தது என்பதற்காகவே பலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

எங்கே தேடுவது? வெல்டிங் கேஸ் கடைகள் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் காய்ச்சல் சாமான் கடைகளில் வசதி அதிகம், விலையும் சற்று அதிகம். ஆனால் சனிக்கிழமை திறந்திருப்பார்கள், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அந்தக் கடைகள் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு டாலர் கூடக் கொடுக்கலாம் என்பேன். பலருக்குத் தோன்றாத இடம் தீயணைப்பான் கடை. கரியமில வாயு தீயணைப்பான்களை நிரப்புவதே அவர்கள் தொழில் என்பதால் தராசும் தாய்ச் சிலிண்டரும் ஆளும் அங்கே தயாராக இருக்கும். பெயின்ட்பால் மைதானங்களில் சின்னச் சிலிண்டர்களை மட்டும் நிரப்புவார்கள்.

விலை மலிவாகத் தெரியும் சில வழிகள் கடைசியில் கையைக் கடிக்கும். சோடாஸ்ட்ரீம் சிலிண்டரில் ஏறத்தாழ 410 கிராம் வாயு இருக்கும். அடாப்டர் மாட்டிக் கெக்கில் இணைக்கலாம். இரண்டு கெக், மிஞ்சினால் மூன்று வரும். மாற்று விலை 15 டாலர் என்று வைத்தாலும் ஒரு பவுண்டு 16, 17 டாலர் ஆகிறது. 20 பவுண்டு சிலிண்டரில் அதே பவுண்டு 2 டாலர். 16 கிராம் தோட்டாக்களோ இன்னும் மோசம். ஒரு கெக்குக்குப் பத்து வேண்டும். சுற்றுலாவுக்கு எடுத்துப்போகச் சரி, வீட்டில் வைத்து ஊற்றச் சரிப்படாது.

வெல்டிங் கடை வாயுவைக் குடிக்கும் பொருளில் சேர்க்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பானங்களுக்கான கரியமில வாயு 99.9 சதவீதம் தூயதாக இருக்க வேண்டும் என்றும், பென்சீன் போன்றவை நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேசப் பானத் தொழில்நுட்பவியலாளர் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. 1990-இல் பெரியே தண்ணீர் பாட்டில்களில் பென்சீன் தென்பட்டு உலகம் முழுக்க 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். ஊற்றிலிருந்து வரும் வாயுவை வடிகட்டும் இடத்தில் நடந்த தவறு அது. எனவே பானத் தரமா என்று கேளுங்கள். பல கடைகளில் ஒரே பெரிய தொட்டியிலிருந்துதான் வெல்டிங்குக்கும் பீருக்கும் நிரப்புகிறார்கள், அந்தத் தொட்டி பானத் தரமாகவே இருக்கும். விலை வித்தியாசமும் பெரிதாக இராது. சந்தேகமாகப் பதில் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

முள்ளை நம்பாதீர்கள்

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் மேல் வாயு. வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். எனவே ரெகுலேட்டரின் பெரிய முள், 20 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 830 பிஎஸ்ஐ என்று காட்டினால், சிலிண்டர் முழுதாக இருந்தாலும் பாதி இருந்தாலும் அதையேதான் காட்டும். கடைசிச் சொட்டுத் திரவம் ஆவியான பிறகே முள் இறங்கும். அப்போது பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

சிலிண்டரைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் இன்னொரு பயம். மறுநாள் காலை பார்த்தால் முள் 530-க்கு இறங்கியிருக்கும். வாயு போய்விட்டது என்று பதறிக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. குளிரில் திரவத்தின் ஆவியழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைத் தராசு ஒன்றுதான் சொல்லும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு எடை போட்டு, தோளில் பொறித்த வெற்று எடையைக் கழித்தால் மிச்சம் வாயு. கடையில் நிரப்பி வாங்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மாற்றுச் சிலிண்டர் அரைகுறையாக வருவது உண்டு. கடை வாசலில் சொன்னால் மாற்றித் தருவார்கள், வீட்டிலிருந்து போனில் சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்போது அந்த நாலு கெக் மர்மம். கசிவு என்றால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 5 கிராம் கசிந்தால் காதுக்கு எட்டாது. 5 பவுண்டு சிலிண்டர் மூன்று வாரம் தாங்காமல் தீர்ந்துவிடும். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வாஷர் உண்டு. நைலானிலோ நாரிலோ செய்தது, சில காசுகள் விலை. ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும். கையால் முறுக்கினால் போதாது, ஸ்பானரால் இறுக்க வேண்டும். அடுத்து கெக்கின் பெரிய மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அதற்கு உணவுத் தர சிலிக்கோன் கிரீஸ் தடவி, பீரை நிரப்பியதும் ஒருமுறை 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை அழுத்தமாக உட்கார வைத்து, பிறகு அழுத்தத்தைக் குறைக்கலாம். வாயு நுழையும் தண்டிலுள்ள சின்ன வளையங்கள் மூன்றாவது.

சோதிக்கும் முறையும் எளிது. பீர் இல்லாத காலிக் கெக்கில் மாட்டி, அழுத்தம் கொடுத்து, சிலிண்டரின் வால்வை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. பீர் உள்ள கெக்கில் இதைச் செய்யக் கூடாது. பீரே வாயுவை உறிஞ்சி முள்ளை இறக்கிவிடும். பிறகு சோப்பு நீரைத் தெளித்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டியதுதான். பெரிய நுரை எங்கும் வராது. கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதிப் பெரிதாகி உடையும், மறுபடி ஊதும். அந்த ஒரு குமிழியின் விலை ஒரு முழுச் சிலிண்டர்.

கசிவு காசு மட்டும் பறிப்பதில்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அடித்தளத்து அறையில் தரையோடு தேங்கும். 5 பவுண்டு சிலிண்டர் முழுக்கத் திறந்துகொண்டால் 1,200 லிட்டருக்கும் மேல் வாயு வெளியேறும். பத்தடிக்குப் பத்தடி அறையில் அது காற்றின் 5 சதவீதம். உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் குறித்திருக்கும் அளவு 4 சதவீதம். பெரிய சிலிண்டர் வாங்கச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டியது என் கடமை: கரியமில வாயு அளவைக் காட்டி ஒலி எழுப்பும் கருவி ஒன்றை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். சமையலறையில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு கருவி இதற்கு உதவாது. சிலிண்டர் விழாமல் சங்கிலி போடுங்கள். காரில் கொண்டுவரும்போது உருளாமல் கட்டி, சன்னலை இறக்கி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் என்ற நிலையே இருக்காது. அழுத்தம் மளமளவென ஏறும். வால்விலுள்ள பாதுகாப்புத் தகடு அப்போது உடைந்து மொத்த வாயுவையும் காருக்குள் கொட்டிவிடலாம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

மலிவான வாயு என்று சொன்னேன். ஆனால் அது திடீரென்று கிடைக்காமல் போகும் வாயுவும்கூட. யாரும் அதற்கென்று பெரிய ஆலை வைத்து உற்பத்தி செய்வதில்லை. அயோவா, நெப்ராஸ்கா பக்கம் மக்காச்சோளத்தை நொதிக்கவைத்து எத்தனால் எடுக்கும் ஆலைகள், அம்மோனியா உர ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றின் உபரி அது. சில இடங்களில் பூமிக்கடியிலிருந்தும் எடுக்கிறார்கள். முதன்மைத் தொழில் படுத்தால் உபரியும் படுத்துவிடும்.

2018 கோடையில் ஐரோப்பாவில் அம்மோனியா ஆலைகள் பராமரிப்புக்காக மூடியிருந்தன. உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் நேரம். பிரிட்டனின் மதுக்கடைகளில் சில பீர் வகைகள் தீர்ந்துபோயின. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் அமெரிக்கர்கள் காரை எடுக்கவில்லை. பெட்ரோல் விற்கவில்லை, அதில் கலக்கும் எத்தனாலுக்கும் தேவையில்லை. கரியமில வாயு விற்றுவந்த 45 எத்தனால் ஆலைகளில் 34 உற்பத்தியைக் குறைத்தன அல்லது நிறுத்தின. 2022-இல் மிசிசிப்பியின் ஜாக்சன் டோம் என்ற நிலத்தடி வாயு மூலத்தில் கலப்படம் தென்பட்டு, ஏற்கெனவே இறுகியிருந்த சந்தை மேலும் இறுகியது. அந்தக் கோடையில் மாசசூசெட்ஸின் நைட் ஷிஃப்ட் என்ற பீர் ஆலை, தனக்கு வந்துகொண்டிருந்த வாயு நின்றுவிட்டதால் உற்பத்தியில் பெரும்பகுதியை வேறு ஆலைகளுக்கு மாற்ற வேண்டிய நிலை என்று அறிவித்தது. ஓர் ஆலைக்கே இந்தக் கதி என்றால், 5 பவுண்டு சிலிண்டரோடு வரிசையில் நிற்பவருக்கு யார் தருவார்கள்? ஒரு முழுச் சிலிண்டரை எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள் என்று பழைய காய்ச்சல்காரர்கள் சொல்வதற்கு இந்த ஆண்டுகள்தான் காரணம்.

எத்தனால் ஆலையில் இந்த வாயுவை வெளிவிடுவது யார்? ஈஸ்ட். வீட்டுக் காய்ச்சல்காரரின் வாளிக்குள்ளும் அதே ஈஸ்ட்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியேறினார். நொதிக்கும் தொட்டிகளின் மேல் ஒரு கனமான காற்று தேங்கி நிற்பதையும், எரியும் குச்சியை அது அணைப்பதையும் கவனித்தார். அந்தக் காற்றுக்குள் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றியபோது தண்ணீருக்குச் சுள்ளென்ற சுவை வந்தது. 1772-இல் அதன் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். இன்றைய சோடாவெல்லாம் அந்தத் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து வந்தவை.

5 கேலன் சாதாரண பீர் நொதிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு சுமார் 700 கிராம். அதே பீருக்கு நுரை ஏற்றவும் ஊற்றவும் நாம் சிலிண்டரிலிருந்து செலவழிப்பது 170 கிராம். நான்கு மடங்கைச் சன்னல் வழியே விட்டுவிட்டு, ஒரு பங்கை வண்டி ஓட்டிப்போய்க் காசுக்கு வாங்குகிறோம். இந்தக் கணக்கு உறைத்தவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். நொதிக்கும் பாத்திரத்திலிருந்து வரும் வாயுக் குழாயை, கிருமிநீக்கி நீர் நிரம்பிய காலிக் கெக்கில் இணைத்துவிடுகிறார்கள். ஈஸ்ட்டின் மூச்சே அந்த நீரை வெளியே தள்ளிக் கெக்கைத் தூய வாயுவால் நிரப்பிவிடும். சிலிண்டரிலிருந்து 40 கிராம் மிச்சம். நொதித்தல் முடியச் சற்று முன்பாக பீரைக் கெக்குக்கு மாற்றி, குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் மட்டும் திறக்கும் ஸ்பண்டிங் வால்வை மாட்டிவிட்டால், மீதமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று பீருக்குத் தேவையான நுரையை உள்ளேயே ஏற்றிவிடும். இன்னொரு 60 கிராம் மிச்சம். வால்வும் முள்ளும் சேர்த்து 30, 40 டாலருக்குள் கிடைக்கிறது.

பீரைக் குழாய் வழியே தள்ளும் அந்த 65 கிராமுக்கு மட்டும் சிலிண்டர் வேண்டும். அந்தக் கணக்கில் 5 பவுண்டு சிலிண்டர் ஒன்றே 30 கெக்குக்கு மேல் வரும். 20 பவுண்டு சிலிண்டரைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு, வாயு தீரும் முன்பே நீரழுத்தச் சோதனைக்கான ஐந்து ஆண்டு கெடு வந்து நிற்கும்.